நோஞ்சான் ரீம்

ஜனவரி பிறந்தால் மாஸ்டர் ரிவியை அணைத்துவிடுவார்.

விரதம் கிரதம் ஒன்றுமில்லை. அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்தாட்டத்தில் டிசம்பரோடு லேசான மட்ச்சுகள் முடிந்துவிடும், அவ்வளவுதான் காரணம். நவம்பரிலும் டிசம்பரிலும் பெரிய கல்லூரிகள் தாங்கள் விரும்பியவர்களோடு விளையாடலாம். அவர்கள் விரும்புவது தோற்கக்கூடியவர்களை. பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு சின்னக் கல்லூரியை எங்கேயோ மூலையிலிருந்து கூப்பிட்டு, தங்கள் மைதானத்தில் தங்கள் சனத்துக்கு முன்னால் நாற்பது புள்ளி வித்தியாசத்தில் வெளுத்து அனுப்புவார்கள். ஜனவரியிலிருந்து தங்கள் பிரிவுக்குள் இருக்கிற சமபலக் கல்லூரிகளோடு மோதவேண்டும். மார்ச்சில் ஒரு தடவை தோற்றாலே வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பந்தாட்டம் பார்க்கிற சனம் முழுக்க அந்த மார்ச்சுக்காகத்தான் காத்திருக்கும்.

“இனி உது விளையாட்டில்லை ஐசே, சண்டை,” என்று மாஸ்டர் எழும்பிப்போய் ரிவியை நிறுத்தி, அதற்கு மேலே ஒரு துவாயை விரித்துவிடுவார். அடுத்த நவம்பர்வரை அது துவாய் காயப்போடுகிற மேசை.

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்காபரோவில், அஜின்கோர்ட் பக்கம் ஒரு வீட்டு பேஸ்மென்றில் நாங்கள் இருவரும் மூன்று பனிக்காலம் ஒன்றாக இருந்தோம். ஒரு அறைதான். நடுவில் மறைப்பாக ஒரு சீலை. சீலைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். ஊரில் ஒரு கல்லூரியில் விளையாட்டு மாஸ்டராக இருந்தவர், இங்கே ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவினார். கோப்பை கழுவினாலும் எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தான். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, அவருக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட. நான் பிளாஸ்ரிக் மூடி செய்கிற தொழிற்சாலையில் நின்றேன். மெஷின் போடுகிற சத்தத்தில் யாரும் யாரோடும் கதைக்கமுடியாது. சத்தம் நின்ற பிறகும் யாரும் கதைப்பதில்லை. சில நாள் வீட்டுக்கு வந்து வாயைத் திறந்தால் என் குரல் எனக்கே புதிதாக இருக்கும்.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் மாஸ்டர் கட்டிலில் சம்மணம் கட்டிக்கொண்டு அந்த நோஞ்சான் மட்ச்சுகளைப் பார்ப்பார். யன்னலில் கம்பியால் கட்டிவைத்த அன்ரெனாவில் எல்லைக்கு அப்பால் அமெரிக்காவிலிருந்து இரண்டு சானல்கள் புள்ளிபுள்ளியாக விழும். யன்னலைப் பனி மூடிவிட்டால் அதுவும் இல்லை. அவர் வெளியே போய்ச் சவளால் பனியை வழித்துவிட்டு வருவார்.

“செத்த பாம்பை அடிக்கிறதிலை என்ன வீரம் மாஸ்டர்?” என்று நான் சீண்டுவேன். எனக்கு அப்படியொரு பழக்கம், யாராவது சந்தோசமாக இருந்தால் கொஞ்சம் சொறியவேண்டும். “ரிவியிலை கதைக்கிறவங்களே சொல்லுறாங்கள். நோஞ்சானோடை விளையாடுற ரீம் மார்ச்சிலை முதல் அடியிலேயே விழுந்திடுமாம்.”

“வெல்லுறதும் பழக்கம், தோக்கிறதும் பழக்கம் ஐசே. முதலிலை எதைப் பழக்கிறீர் எண்டதுதான் கதை,” என்பார்.

அவர் காத்திருப்பது கடைசி ஐந்து நிமிடத்துக்கு. வெற்றி நிச்சயமானதும் பெரிய ஆட்டக்காரர்களை வெளியே எடுத்துவிட்டு, வருடம் முழுக்க ஓரத்து வாங்கில் குந்தியிருக்கிற பெடியங்களை இறக்குவார்கள். அவர்களில் ஒருவன் எப்படியோ பந்தைக் கூடைக்குள் போட்டுவிட்டால் வாங்கே எழும்பித் துள்ளும். மாஸ்டருக்குக் கண் கலங்கிவிடும்.

“பாத்தீரே உவன்ரை முகத்தை? ஜனவரியிலை உவனை ஆர் இறக்கப்போறாங்கள்?”

“அப்ப நாப்பது புள்ளியிலை தோத்தவன்ரை முகம்?”

“அவங்கள் வராட்டி இவங்கள் எங்கை பழகிறது? அவங்களும் ஒரு வேலைதானே செய்யினம்,” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பிவிடுவார். விவாதம் சூடுபிடிக்கும் இடத்தில் மாஸ்டருக்கு எப்போதும் தேத்தண்ணி ஞாபகம் வரும்.

அவர் கார் லைசென்ஸ் எடுத்த கதையும் இதே மாதிரித்தான். ஸ்காபரோவில் சோதனைக்குப் போனால் கட்டாயம் பெயில் விடுவார்கள் என்று எங்கள் சனத்துக்குள் ஒரு நம்பிக்கை. அதனால் ஆட்கள் வடக்கே இரண்டு மணித்தியாலம் தள்ளிப்போய், சனமில்லாத சின்ன ஊர்களில் சோதனை எடுத்துவிட்டு வருவார்கள். மாஸ்டர் தெரிந்தெடுத்த ஊரில் இருந்ததே ஒரு ட்ராஃபிக் லைற்தானாம். சோதனை வைத்த கிழவன் வழி முழுக்கத் தான் மீன் பிடித்த கதையைச் சொன்னானாம். முதல் தரத்திலேயே பாஸ்.

“லைசென்ஸிலை ஊர்ப்பேர் போடுறேல்லை ஐசே,” என்று மட்டையை ஆட்டி ஆட்டிக் காட்டினார்.

பிறகு ஒரு பழைய கார் வாங்கினார். ஆனால் 401 நெடுஞ்சாலைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. “அதுக்கு இன்னும் கொஞ்சம் பழகவேணும்.” எதிரே வருகிற வாகனங்களுக்குக் குறுக்கால் இடப்பக்கம் திரும்புகிற சந்திகளும் அவருக்குச் சரிவராது. ஒருதரம் இடப்பக்கம் திரும்பவேண்டிய இடத்தில் மூன்றுதரம் வலப்பக்கம் திரும்பி வட்டமடித்துப் போய்ச் சேருவார். தமிழ்க் கடைக்குப் பத்து நிமிடத்தில் போகலாம், அவரோடு போனால் அரை மணி. நான் சிரித்துச் சிரித்து வயிறு நொந்திருக்கிறேன்.

ஞாயிறு காலையில்தான் எனக்குச் சிரிப்பு வராது.

மாஸ்டருக்குக் கொழும்பில் மனைவியும் மகளும் இருந்தார்கள். அவர் நாட்டை விட்டு வெளிக்கிடும்போது பிள்ளைக்கு இரண்டு வயது. இப்போது ஒன்பது. ஸ்பொன்சர் கடிதம் சரிவரும்வரை வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார்கள். இங்கே காலை ஒன்பது மணி என்றால் அங்கே லொட்ஜில் இராச் சாப்பாடு முடிகிற நேரம். மனேச்சரின் மேசையிலிருக்கிற போனுக்குப் பக்கத்தில் தாயும் பிள்ளையும் வந்து நிற்பார்கள். மகளோடு கதைப்பதுதான் மாஸ்டருக்கு மார்ச் மாதம். முகம் தெரியாத தகப்பனோடு பிள்ளை என்னத்தைக் கதைக்கும்? ‘ஓம்’, ‘இல்லை’ என்று இரண்டு சொல். அந்த இரண்டு சொல்லைக் கேட்க அவருக்குப் பயம்.

அதனால் நேரே கொழும்புக்கு எடுக்கமாட்டார். முதலில் வானிலை சொல்கிற இலக்கத்தை அழுத்தி, பதிவுசெய்த குரல் சொல்வதற்கெல்லாம் “தாங்க்யூ” என்பார். அடுத்தது தமிழ்க் கடை. “முருங்கைக்காய் வந்திட்டுதோ?” வந்திருந்தாலும் வாங்கமாட்டார். பிறகு ரெலிபோன் கார்ட்டைச் சுரண்டி, பாரிஸில் இருக்கிற மச்சானோடு கொஞ்சம் பகிடி. அதற்கும் பிறகுதான் கொழும்பு. அநேகமாக அப்போது கார்ட்டில் ஐந்து நிமிடம்கூட மிஞ்சியிருக்காது. மனைவியோடு இரண்டு வார்த்தை, மகளோடு இரண்டு வார்த்தை, அதற்குள் லைன் அறுந்துவிடும். பிறகு நான் கேட்டால் ஒரு பெருமூச்சு விடுவார். கவலையா நிம்மதியா என்று என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முதல், எட்டு மணிக்கு, சீலையை விலக்கி எனக்கு ஒரு தேத்தண்ணி நீட்டுவார். நான் எழும்பிக் கட்டிலில் இருந்ததும் கேட்பார்.

“என்ன ஐசே, நேற்று என்ன சாப்பிட்டனீர்? வெளியிலை குளிரோ? இந்தக் கிழமை ஆரோடை கதைச்சனீர்? சிரிச்ச விஷயம் ஒண்டு சொல்லும் பாப்பம்.”

இந்த நாலு கேள்விதான். அந்தப் பெரிய நகரத்தில் நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்ட ஒரே மனிதர் அவர். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பிறகு திங்கட்கிழமையே அந்த நாலாவது கேள்விக்குப் பதில் தேடத் தொடங்கிவிடுவேன். தொழிற்சாலையில் யார் வழுக்கி விழுந்தார்கள், போர்மன் எந்தக் காலில் எந்தச் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வந்தான் என்று பார்த்துச் சேர்த்துவைத்து, ஞாயிறு காலையில் அவருக்குச் சொல்லுவேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிச் சிரிப்பார். அவ்வளவு கெட்டித்தனமாக நான் யாருக்கும் கதை சொன்னதில்லை.

பிள்ளையோடு கதைக்கும்போது பக்கத்தில் நிற்கக்கூடாதென்று, அவர் மச்சானோடு பகிடி விடத் தொடங்கியதும் நான் தெருமுனை லோண்ட்ரிக்கு உடுப்புத் தோய்க்கப் போய்விடுவேன். ஒரு ஞாயிறு அங்கே மெஷின் பழுதாகியிருந்ததால் போன கையோடு திரும்பி வந்தேன். சீலைக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் போனில் நின்றார்.

“பிள்ளை, இண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள்? அங்கை வெயிலோ மழையோ? ஆரோடை விளையாடினனீங்கள்? சிரிச்ச விஷயம் ஒண்டு சொல்லுங்கோ பாப்பம்.”

அதே நாலு கேள்வி. அதே வரிசை. அதே இழுவை.

உடுப்புப் பையைத் தோளில் வைத்தபடியே நின்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு நாளும் நான் யார்? வானிலைக்காரிக்கும் முருங்கைக்காய்க்கும் முன்னால் விளையாடுகிற நோஞ்சான் ரீம். இதற்காகவா கிழமை முழுக்கச் சிரிப்புப் பொறுக்கிக்கொண்டு திரிந்தேன் என்று நினைக்க அழுகையும் வந்தது, வெட்கமும் வந்தது.

அடுத்த ஞாயிறு தேத்தண்ணி வந்தது.

“நேற்று என்ன சாப்பிட்டனீர் ஐசே?”

“ஞாபகமில்லை.”

“வெளியிலை குளிரோ?”

“எழும்பிப்போய்ப் பாருங்கோவன்.”

“ஆரோடை கதைச்சனீர்?”

“ஒருத்தரோடையும் இல்லை.”

நாலாவது கேள்வியை அவர் கேட்கவில்லை. கோப்பையை என் கட்டிலடியில் வைத்தார். பிறகு சீலையை இழுத்துவிட்டார். அன்றைக்கு வானிலைக்கும் எடுக்கவில்லை, கடைக்கும் எடுக்கவில்லை. ஒன்பது மணி வந்தது, ஒன்பதரை வந்தது. சுரண்டாத கார்ட்டை லாச்சிக்குள் வைத்துப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

“அடுத்த கிழமை பாப்பம்,” என்று தனக்குத்தானே சொன்னார்.

மத்தியானம்வரை எனக்கு ஏதோ வென்றதுபோலத்தான் இருந்தது. சோறு போட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அந்த லொட்ஜ் மேசை நினைவுக்கு வந்தது. எனக்கு முகமே தெரியாத ஒரு பிள்ளை, தலை வாரி இழுத்து, நல்ல சட்டை போட்டு, அடிக்காத போனுக்குப் பக்கத்தில் நின்றிருக்கும். சோற்றை அப்படியே மூடிவைத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. அடுத்த ஞாயிறு அவர் தேத்தண்ணி கொண்டுவரமுதல் நானே எழும்பிப்போய், கேட்காமலே ஒரு பகிடி சொன்னேன்.

மாஸ்டர் சிரித்தார். பிறகு எனக்குப் பக்கத்தில் இருந்து, நான் கேட்காமலே ஒன்று சொன்னார்.

“ஊரிலை நான் பழக்கின கடைசி ரீம் ஐசே, பத்துப் பெடியள். எல்லாம் ஒல்லிக்குச்சியள். பட்டணத்துப் பெரிய கல்லூரியோடை முதல் மட்ச்சைப் போடச் சொல்லி அதிபர் நிண்டார். நான் மாட்டனெண்டு, கோர்ட்டுக்குச் சீமெந்தும் போடாத சின்னப் பள்ளிக்கூடங்களாப் பாத்து அஞ்சு மட்ச் போட்டன். அஞ்சும் வெற்றி. பெடியள் சைக்கிளிலை பாட்டுப் பாடிக்கொண்டு வருவாங்கள். ஆறாவது பெரிய கல்லூரியோடை. அந்தக் கிழமை ஊரடங்கு போட்டாங்கள். மட்ச் நடக்கவேயில்லை. அதுக்குப் பிறகு ஒண்டுமே நடக்கேல்லை. பத்துப் பேரிலை இப்ப நாலு பேர்தான் இருக்கினம்.” கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மற்ற ஆறு பேருக்கும் இந்த உலகத்திலை கிடைச்ச வெற்றி அந்த அஞ்சும்தான். அதையும் குடுக்காம விட்டிருந்தா?”

அன்றைக்குத் தேத்தண்ணி போட எழும்பியது நான்.

மூன்றாவது வருடக் கோடையில் விசா கிடைத்து மனைவியும் மகளும் வந்தார்கள். எயார்போட்டுக்குத் தானே காரோட்டிப்போய்க் கூட்டிவரவேண்டும் என்று மாஸ்டர் ஒற்றைக்காலில் நின்றார். வழி சொல்ல, ரோட்டு மப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் இருந்தேன். 401-க்கு ஏறுகிற இடத்துக்கு மூன்றுதரம் போனோம். மூன்றுதரமும் கடைசி நேரத்தில் நேரே விட்டுவிட்டார். “பின்னாலை லொறி வருது ஐசே.” கடைசியில் ஃபிஞ்ச் அவெனியூவாலேயே, லைற்றுக்கு லைற் நின்று நின்று, நகரத்தின் ஒரு தலையிலிருந்து மற்றத் தலைக்கு ஊர்ந்தோம். வழியெல்லாம் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நாலு கேள்வியையும் சொல்லிப்பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது.

ஒன்றரை மணித்தியாலம் பிந்திவிட்டது. சனமெல்லாம் போய்முடிந்த வாசலில் தாயும் பிள்ளையும் சூட்கேஸுக்கு மேல் இருந்தார்கள். மனைவி எழும்பி, அவரைப் பார்த்து முகத்தைத் துடைத்தா. மாஸ்டர் பிள்ளைக்கு முன்னால் குந்தினார்.

“பிள்ளை, இண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள்?”

“சோறும் பருப்பும்.”

“ஆரோடை விளையாடினனீங்கள்?”

“பக்கத்து அறைப் பிள்ளையோடை.”

ஒரு நாள் முழுக்கப் பிளேனில் வந்த பிள்ளை. பாடமாக்கியதைச் சொல்வதுபோல, அவருடைய சேட் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னது. ஞாயிறு ஞாயிறாக இந்தப் பிள்ளையும் இதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தாய்க்கும் அது தெரிந்திருக்கவேண்டும், அவ மற்றப்பக்கம் திரும்பிக்கொண்டா. மாஸ்டர் மட்டும் முகமெல்லாம் பல்லாக என்னைப் பார்த்தார்.

“பாத்தீரே? கதைக்கிறா.”

அவர்கள் மோர்னிங்சைட்டில் ஒரு அப்பார்ட்மென்றுக்குப் போனார்கள். ரிவியை எனக்கு விட்டுவிட்டுப் போனார். ஜனவரி வந்தபோது நான் துவாய் போடவில்லை. மார்ச்வரை எல்லா மட்ச்சையும் தனியாக இருந்து பார்த்தேன். நல்ல மட்ச்சுகள்தான். பகிடி பண்ண ஆளில்லாமல் பார்த்தால் எந்த மட்ச்சும் நீளம்.

ஒரேயொரு தடவை தமிழ்க் கடையில் மூவரையும் கண்டேன். மகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். மாஸ்டரின் மனைவி சிரித்துக்கொண்டுதான் சொன்னா. “தம்பி, நீங்கள் மூண்டு வருசம் இவரோடை இருந்தனீங்கள். ஒருக்காவாவது சண்டை பிடிச்சனீங்களோ? நான் வாயைத் திறந்தா உடனை தேத்தண்ணி போடப் போயிடுறார். சுவரோடையாவது சண்டை பிடிக்கலாம்.” மாஸ்டர் முருங்கைக்காய் ஒன்றை எடுத்து வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வாங்கினார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒரு தொடர்பும் இல்லை. ஒரு பெப்ரவரி ஞாயிறு, காலை எட்டு மணிக்கு என் போன் அடித்தது.

“என்ன ஐசே, நேற்று என்ன சாப்பிட்டனீர்?”

அவருக்குப் பின்னால் சனம் ஆரவாரம் செய்கிற சத்தமும் விசில் சத்தமும் கேட்டன.

“மாஸ்டர், பெப்ரவரியிலை மட்ச் பாக்கிறியளோ?”

“நேற்றையான் மட்ச், திருப்பிப் போடுறாங்கள். பாக்கேல்லை ஐசே. சும்மா போட்டிருக்கிறன். அணைச்சா வீட்டிலை ஒரு சத்தமும் இல்லை.” ரிவிச் சத்தத்தைக் குறைத்தார். “அவையள் மொன்றியலுக்குப் போயிட்டினம். மனிசியின்ரை தமையன் வீட்டை. நான் ஒரு நாளும் கத்தேல்லை, கை ஓங்கேல்லை. ஒரு சண்டைகூடப் பிடிக்கேல்லை. அதுதான் பிழையெண்டு சொல்லுறா.”

அவர் என் பதிலுக்கு நிற்கவில்லை.

“வெளியிலை குளிரோ?” என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒன்பது மணிக்கு அவர் மொன்றியலுக்கு எடுக்கவேண்டும். மகளுக்குப் பன்னிரண்டு வயது, இந்த முறை பாடமாக்கிய பதில் வராது. எட்டு மணிக்கு அவருக்கு ஒரு லேசான மட்ச் தேவை. இந்த நகரத்தில் அவர் தேடிப்பிடித்த ரீம் நான்தான்.

கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நேற்றுத் தின்றது காய்ந்த பாணும் தேத்தண்ணியும். ஆனால் இடியப்பமும் சொதியும் என்றேன், சொதிக்கு உப்புக் கூடிவிட்டது என்றும் சேர்த்தேன். குளிரைப் பற்றி விலாவாரியாகச் சொன்னேன். ஆரோடை கதைச்சனீர் என்றதற்கு இரண்டு பேரைப் புதிதாக உண்டாக்கினேன்.

“சிரிச்ச விஷயம் ஒண்டு சொல்லும் பாப்பம்.”

அந்தக் கிழமை நான் சிரிக்கவேயில்லை. அந்த மாதமே சிரிக்கவில்லை என்று நினைக்கிறேன். போர்மனின் பொய்மயிர்த் தொப்பி காற்றில் பறந்து பனிக்குள் விழுந்ததாகவும், நாய் ஒன்று அதை எலியென்று கௌவிக்கொண்டு ஓடியதாகவும் ஒரு பொய்யைக் கட்டினேன். எங்கள் போர்மனுக்குத் தலை நிறைய மயிர்.

மாஸ்டர் சிரித்தார். இருமல் வருமட்டும் சிரித்தார். அவர் சிரித்து முடியட்டும் என்று போனைக் காதோடு வைத்துக் காத்திருந்தேன்.

“சரி ஐசே,” என்றார், குரல் தெளிந்திருந்தது. “இனி பிள்ளைக்கு எடுக்கிறன்.”

“வேறை ஒருத்தருக்கும் எடுக்காதேங்கோ மாஸ்டர். நேரே எடுங்கோ. அடுத்த ஞாயிறும் எனக்கு அடியுங்கோ.”

“ஓம். வைக்கிறன்.”

அவர் எடுத்தாரா, மகள் கதைத்தாளா என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. மறுநாள் திங்கட்கிழமை. வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறியதுமே, சிரிக்கக்கூடியதாக ஏதாவது கண்ணில் படுகிறதா என்று பார்க்கத் தொடங்கினேன்.